ஏழாம் நம்பருக்குப் புதுப் பெயிண்ட்

முதல் ஷிப்டின் முதல் அடி விழும்போது வெளியே இன்னும் சரியாக வெளுத்திருக்காது. வல்லம் வடகால் தொழிற்பேட்டையின் கடைசித் தெருவில், தகரக் கூரைக்குக் கீழே, அச்சு இறங்கித் தகட்டை நசுக்குகிற அந்தச் சத்தம் காதுக்கு வருமுன் உள்ளங்காலுக்கு வந்துவிடும். ஒரு மிஷின் அடித்து ஓய்வதற்குள் பக்கத்து மிஷின் அடிக்கும். கொஞ்ச நேரத்தில் கூடம் முழுக்க எண்ணெய்ப் புகையும் சூடான இரும்பு வாடையும் மண்டிவிடும். விடிவதற்கு முன்பே எழுந்து, பழையதை அவசரமாக விழுங்கிவிட்டு வந்த வயிறுகள் குமட்டும். குமட்டினால் என்ன, கை நிற்கக் கூடாது.

சண்முகப்ரியா ஆறாம் நம்பரில் நின்றாள். இடது கையால் தகட்டை எடுத்து அச்சில் வைத்தாள். வலது கையால் பச்சைப் பொத்தானை அழுத்தினாள். அச்சு இறங்கி ஏறியது. கார் கதவுக்கான கீல் ஒன்று தட்டில் விழுந்தது. எடு, வை, அழுத்து. மூக்கின் நுனியில் வியர்வை திரண்டு நின்றது. அதைத் துடைக்க ஒரு கை மிச்சமில்லை.

உண்மையில் அந்த மிஷினுக்குப் பச்சைப் பொத்தான் இரண்டு. இடக்கைக்கு ஒன்று, வலக்கைக்கு ஒன்று. இரண்டையும் ஒருசேர அழுத்தினால்தான் அச்சு இறங்கும். இரண்டு கையும் பொத்தான்மேல் இருக்கும்போது அச்சுக்கு அடியில் கை போக முடியாது, அதற்காகத்தான் அந்த ஏற்பாடு. எந்தப் புண்ணியவானோ யோசித்துச் செய்திருக்கிறான். ஆனால் அப்படி ஓட்டினால் டார்கெட்டில் பாதிகூடத் தேறாது. ஆகவே பெண்கள் இடப்பக்கத்துப் பொத்தானை உள்ளே அமுக்கி, அதன் விளிம்பில் ஒரு ரப்பர் துண்டைச் செருகிவிடுவார்கள். பொத்தான் அமுங்கியபடியே கிடக்கும். ஒரு கை பொத்தானுக்கு, ஒரு கை தகட்டுக்கு.

அந்த ரப்பர், அவரவர் பழைய செருப்பில் அறுத்தது. புதிதாகச் சேர்ந்தவளுக்குப் பக்கத்து மிஷின்காரி தன் செருப்பிலிருந்து ஒரு துண்டு அறுத்துக் கொடுப்பது அந்தக் கூடத்து வழக்கம், கல்யாண வீட்டு வாசலில் சந்தனம் நீட்டுவதுபோல. "இத்தத் தொலச்சிடாத. இதான் உன் சோறு" என்று சிரித்துக்கொண்டே கொடுப்பார்கள். சூப்பர்வைசர்கள் பார்ப்பார்கள். பார்த்துவிட்டு மேலே ஃபேன் ஓடுகிறதா என்று கவனிக்கப் போய்விடுவார்கள்.

ஷெர்லினுக்கு ரப்பர் அறுத்துக் கொடுத்தவள் ப்ரியாதான்.

தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்த பெண் அவள். வல்லத்தில் ஓர் அறையில் ஆறு பேரோடு தங்கி, ஏழாம் நம்பரில் வேலை பார்த்தாள். போன வாரம், ஷிப்டு முடியப் போகிற நேரத்தில், அச்சில் ஒட்டிக்கொண்ட தகட்டை இடது கையால் இழுத்தாள். வலது கை பழக்க தோஷத்தில் பொத்தானை அழுத்திவிட்டது. அலறல்கூட வரவில்லை. "அக்கா" என்று மட்டும் ஒரு சத்தம் வந்தது. ப்ரியா திரும்பிப் பார்த்தபோது ஷெர்லின் தன் இடது கையை யாருடைய கையையோ பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டு நின்றாள். இரண்டு விரல்கள் போயிருந்தன. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டால் கேள்வி வரும் என்று, கேன்டீனுக்குக் காய்கறி கொண்டுவருகிற வண்டியில் ஏற்றித் தனியார் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். முட்டைக்கோஸ் மூட்டைமேல் சாய்ந்துகொண்டு போனாள்.

மறுநாள் காலையில் கம்பெனி ஒரு காரியம் செய்தது. பெரிய பூசணிக்காயாக வாங்கி, ஏழாம் நம்பருக்குச் சுற்றி, குங்குமம் தடவி வாசலில் உடைத்தது. கண் திருஷ்டியாம். பெண்களும் கும்பிட்டார்கள், ப்ரியாவும் கும்பிட்டாள். கும்பிட்ட கையோடு போய் ரப்பரைச் செருகிக்கொண்டு வேலையைத் தொடங்கினார்கள்.

இப்போது இரண்டு நாளாக ஏழாம் நம்பருக்குப் பெயிண்ட் அடிக்கிறார்கள். நல்ல மயில் நீலம். பெயிண்டர் ஒருவன் உட்கார்ந்து அச்சின் இடுக்கையெல்லாம் மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்துக்கொண்டிருந்தான். அவன் துணியில் ஒட்டியது துருவா வேறு எதுவுமா என்று ப்ரியா பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை.

"ப்ரியா, எச்ஆர் சார் கூப்டறாரு" என்றான் சூப்பர்வைசர்.

எச்ஆர் மேலாளர் மணிகண்டபிரபுவின் அறை குளிர்ந்து கிடந்தது. "உக்காரும்மா" என்றார். அந்த நாற்காலியில் எந்தத் தொழிலாளியும் உட்கார்ந்து அவள் பார்த்ததில்லை.

"வியாழக்கிழமை டெல்லிலேர்ந்து அமைச்சர் வர்றார். புது லைன் திறக்கறார். ஸ்டேஜ்ல ஒரு பட்டன் இருக்கும். அவர் அழுத்துவார், மிஷின் ஓடும். அவ்ளோதான் ப்ரோகிராம்."

"எந்த மிஷின் சார்?"

"வாசல் பக்கத்துல பெயிண்ட் அடிக்கறாங்கல்ல, அது."

"அது ஏழாம் நம்பராச்சே."

"இனிமே அது ஒண்ணாம் நம்பர். புது லைன்ல முதல் மிஷின்."

"ரெண்டு கையால அழுத்தற மிஷின் சார் அது. அவரு ஒத்த வெரலால அழுத்தனா எப்டி ஓடும்?"

மணிகண்டபிரபு சிரித்தார். "அதுக்குத்தான் நீ. ஸ்டேஜ் பட்டன் சும்மா. மிஷின் கன்ட்ரோல் பேனருக்குப் பின்னாடி இருக்கும். அவர் கை வைக்கற நேரம் பாத்து நீ ரெண்டு கையாலயும் அழுத்திடு. உனக்குத்தான் கை சுத்தம்னு எல்லாரும் சொன்னாங்க. நல்லபடியா முடிஞ்சா அடுத்த மாசம் நீ பெர்மனன்ட்."

வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவள் டிரெய்னிதான். மணிமங்கலத்தில் வாடகை வீடு, முட்டி தேய்ந்த அம்மா, பள்ளிக்கூடம் போகிற மகள், இருந்தும் இல்லாத கணவன். பெர்மனன்ட் என்ற சொல் அவள் நெஞ்சில் ஒரு விளக்கைப் போட்டதை மறைக்க வேண்டியதில்லை.

"ஷெர்லினுக்கு சார்?"

"ஷெர்லினுக்கு என்ன? ரூம் பாத்ரூம்ல வழுக்கி விழுந்தா, கதவு இடுக்குல கை மாட்டிக்கிச்சு. ஆஸ்பத்திரிலயும் அப்படித்தான் சொல்லிருக்கோம். அன்னைக்கு யாராவது கேட்டா நீங்களும் அதையே சொல்லுங்க."

"கதவு இடுக்குல வெரலு துண்டாவா சார் வுழும்?"

சிரிப்பு நின்றது. "சேஃப்டி பட்டனை அடைச்சு வச்சு ஓட்டினதால அவளுக்கு அடிபட்டுச்சுன்னு நான் எழுதினா தப்பு அவ மேலதான் வரும். ஒரு பைசா கிடைக்காது. அந்த ரப்பரை யார் குடுத்தாங்கன்னும் விசாரிப்பாங்க." அவள் முகத்தை நேராகப் பார்த்துச் சொன்னார். "எனக்குத் தெரியும்மா. யோசிச்சுக்கோ."

அன்று மாலை ப்ரியாவும், ஐந்தாம் நம்பர் ஜோதியும் ஷெர்லினின் அறைக்குப் போனார்கள். ஜோதி எல்லாருக்கும் மூத்தவள், வாய்க்குப் பூட்டு கிடையாது. அறைக்குள் கொடியில் தொங்கிய யூனிஃபார்ம்களை ஒதுக்கிக்கொண்டு உள்ளே போனால், சுவரோரம் பாயில் ஷெர்லின் உட்கார்ந்திருந்தாள். கட்டுப் போட்ட கையை மடியில் குழந்தையைப்போல வைத்திருந்தாள். பக்கத்தில் கிடந்த போன் திரையில் கட்சித் தலைவர் அறிவுமதி பேசிக்கொண்டிருந்தார். இந்தப் பக்கத்தில் பெரிய கை அவர். புதிய தொழிலாளர் சட்டங்களைப் பற்றி ஏதோ டிவி விவாதம். பன்னிரண்டு மணி நேர வேலை என்பது அடிமைச் சாசனம் என்று மேசையைத் தட்டினார். எதிரே இருந்த, அமைச்சரின் கட்சிக்காரர் அது வளர்ச்சி என்று தட்டினார்.

"பேசுதாரு பாருங்க" என்றாள் ஷெர்லின். "கேக்க நல்லாத்தான் இருக்கு."

"பேசுவாரு, பேசுவாரு" என்றாள் ஜோதி. "போன சனிக்கெழம அவரு ஆபீஸுக்கு உன் விஷயமா போனோமே. தலைவரு டிவி ஸ்டேசன் போய்கிறாருன்னாங்க. அவரு ஆபீஸ் வாசல்ல நிக்கிற தண்ணி லாரியெல்லாம் நம்ம கம்பெனிக்குத்தான் வருது. அவரு மச்சான் பேர்ல ஓடுதாம். நாங்க மூஞ்சத் தொங்கப் போட்டுகினு வந்துட்டோம்."

"அம்மைட்ட காய்ச்சல்னு சொல்லியிருக்கேன்" என்றாள் ஷெர்லின். "எத்தன நாளைக்குச் சொல்லுவேன்?"

அந்த அறைப் பெண்களில் ஒருத்தி, ஸ்டிரைக் பண்ணலாம் என்றாள். அதற்கு முன்கூட்டியே நோட்டீஸ் தர வேண்டும் என்றாள் இன்னொருத்தி. பாதிப் பேர் சேர்ந்து லீவு போட்டால்? புதுச் சட்டத்தில் அதுவும் ஸ்டிரைக் கணக்குத்தான். எந்தக் கதவைத் தட்டினாலும் உள்பக்கம் தாழ் போட்டிருந்தது. தில்லியில் யாரோ உட்கார்ந்து, இவர்கள் எந்தெந்த வழியாக வெளியே வருவார்கள் என்று முன்னாலேயே யோசித்து அடைத்துவைத்ததுபோல இருந்தது. தெருவில் கன்டெய்னர் லாரி ஒன்று போக, சுவரெல்லாம் அதிர்ந்தது.

"ஸ்டிரைக்கும் வாணாம், லீவும் வாணாம்" என்றாள் ஜோதி மெதுவாக. "வேலைக்குப் போவோம். ரப்பர எடுத்துட்டு ஓட்டுவோம். செவுத்துல எழுதி வச்சிகிறான்ல, இரண்டு கைகளாலும் இயக்கவும்னு? அத்தயே செய்வோம். எவன் இன்னா கேப்பான்?"

"டார்கெட்?"

"வராது. வராதுன்னு அவனுக்குத் தெரியட்டும்."

ப்ரியா, எச்ஆர் சொன்னதையெல்லாம் சொன்னாள். பெர்மனன்டையும் சொன்னாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "அந்த ரப்பரு நான் குடுத்தது, ஷெர்லினு" என்றாள்.

"நீங்க குடுக்கலன்னா எனக்கு அங்க மறுநா வேலை இருந்திருக்காதுக்கா." ஷெர்லின் குரல் உடையவில்லை. "நீங்க பட்டன அழுத்துங்க, அழுத்தாம போங்க. உங்களுக்குப் பிள்ள இருக்கு, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஆனா கதவு இடுக்குன்னு மட்டும் சொல்லிராதீங்க. எனக்கு மிஷின்லதான் வெரலு போச்சுன்னு ஒரு ஆளாவது சத்தமாச் சொல்லணும்."

வியாழக்கிழமை வந்தது. தெருவுக்குத் தண்ணீர் தெளித்துச் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார்கள். கேட்டருகே ஆம்புலன்ஸ் ஒன்று ஆக்சிஜன் சிலிண்டரோடு தயாராக நின்றது. அமைச்சருக்கு ஏதாவது ஆகிவிட்டால்? அதைக் கடந்து போகும்போது ஜோதி காறித் துப்பினாள். எல்லாருடைய போனையும் வாங்கிப் பையில் போட்டுக் கட்டினார்கள். புது யூனிஃபார்ம் கொடுத்தார்கள், சாயந்திரம் திருப்பித் தரவேண்டும் என்று சொல்லி.

பேனருக்குப் பின்னால் ப்ரியா நின்றாள். முன்பக்கத்து விளக்கு வெளிச்சத்தில் பேனரில் இருந்த முகங்கள் பின்பக்கமும் தெரிந்தன. அமைச்சரும், முதலாளி ஜெகநாதனும், ஓரத்தில் அறிவுமதியும் இடம் வலமாக மாறிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அமைச்சரின் கழுத்துக்குக் கீழே சின்ன ஓட்டை போட்டிருந்தார்கள். அதன் வழியாகத்தான் அவள் பார்க்க வேண்டும். மேடைமேல் ரோஜா சுற்றிய பொத்தானிலிருந்து ஒரு ஒயர் இறங்கி, மேசைத் துணிக்கு அடியிலேயே முடிந்துபோயிருந்தது. அவள் முன்னால் இரண்டு பச்சைப் பொத்தான்கள். இடப்பக்கத்துப் பொத்தானின் விளிம்பில் ரப்பர் இருந்து தேய்ந்த தழும்பு, பெயிண்டையும் மீறித் தெரிந்தது. ஷெர்லினின் ரப்பர். ப்ரியாவின் செருப்பில் அறுத்தது.

அமைச்சர் பேசினார், ஒருவர் தமிழில் சொன்னார். பெண்கள் இனி எந்த ஷிப்டிலும் வேலை செய்யலாம், அது அவர்களுக்குக் கிடைத்த சுதந்திரம். விரும்பினால் நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் உழைத்து வாரத்தில் மூன்று நாள் வீட்டில் இருக்கலாம். "விரும்பினால்" என்ற சொல் வந்தபோது முதலாளி முதலில் கை தட்டினார். அடுத்து அறிவுமதி பேசினார். அடிமைச் சாசனம் என்று மேசையைத் தட்டிய அதே கை, அமைச்சருக்குப் பொன்னாடை போர்த்தியது. அரசியல் வேறு, தொழில் வளம் வேறு என்றார். இருவரும் ஒருவர் காதில் ஒருவர் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். டிவியில் ஒருவரையொருவர் கடித்துக் குதறுகிற கட்சிகள். பார்க்கப் பார்க்க ப்ரியாவுக்குக் கண் எரிந்தது.

அமைச்சர் எழுந்தார். விரலை நீட்டினார். முழுசான, சுத்தமான விரல். பொத்தானை அழுத்தினார்.

ப்ரியா இரண்டு கைகளையும் மார்புக்குக் குறுக்கே கட்டிக்கொண்டாள்.

மிஷின் அசையவில்லை. கைதட்டல் தொடங்கி, பாதியில் தொங்கியது. அமைச்சர் இன்னொரு முறை அழுத்தினார். முதலாளி வந்து அழுத்தினார். அறிவுமதியும் தன் பங்குக்கு ஒரு முறை அழுத்திப் பார்த்தார். மணிகண்டபிரபு பேனருக்குப் பின்னால் ஓடிவந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, "அழுத்துடி" என்றார். ம்மா போய் டி வந்துவிட்டது.

அவள் பேனரைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"இது புது மிஷின் இல்லிங்க. ஏழாம் நம்பரு. போன வாரம் ஷெர்லின்ற பொண்ணுக்கு ரெண்டு வெரலு இதுலதான் போச்சு. கதவு இடுக்குல இல்ல."

ஜெகநாதன் குரலை உயர்த்தவில்லை. "பாதுகாப்புப் பட்டனை நீங்களே அடைச்சு வைக்கறீங்க. அடிபட்டா கம்பெனியக் கேக்கறீங்க. அடைக்கச் சொல்லி நான் சொன்னனா?"

"வாயால சொல்லலிங்க" என்றாள் ஜோதி, வரிசையிலிருந்து வெளியே வந்து. "டார்கெட்டால சொன்னீங்க. ரெண்டு கையால ஓட்டி, உங்க டார்கெட்ட நீங்க எடுத்துக் காட்டுங்க. இப்பவே வந்து நில்லுங்க. நாங்க பாக்கறோம்."

ஜோதி இடுப்பில் செருகியிருந்த ரப்பர் துண்டை எடுத்து, ரோஜா சுற்றிய பொத்தானுக்குப் பக்கத்தில் வைத்தாள். ப்ரியா தன்னுடையதை வைத்தாள். அதற்கு மேல் யாரும் யாரையும் கூப்பிடவில்லை. ஒவ்வொருத்தியாக வந்தார்கள். நீலச் செருப்பு, கறுப்புச் செருப்பு, குதிகால் தேய்ந்த செருப்பு. பொன்னாடையைக் கழற்றி வைத்திருந்த மேசைமேல் செருப்புத் துண்டுகள் குவிந்தன.

அமைச்சர் மொழிபெயர்த்தவரிடம் ஏதோ கேட்டார், அவர் ஏதோ சொன்னார். அமைச்சர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, இது நிர்வாகத்தின் உள்விவகாரம் என்று கிளம்பிவிட்டார். அறிவுமதி மட்டும் இறங்கும்போது குரலைக் குழைத்து, "தங்கச்சி, எதுவா இருந்தாலும் ஆபீஸுக்கு வா. பேசிக்கலாம்" என்றார்.

"வந்தோங்க" என்றாள் ப்ரியா. "நீங்க எங்களுக்காக டிவில பேசப் போய்ட்டீங்கன்னாங்க."

கார்கள் போயின. படம் எடுத்த கேமராவிலிருந்து அந்தப் பகுதியை வெட்டச் சொன்னார் மணிகண்டபிரபு. அங்கே அப்படியொன்று நடந்ததற்கு அந்தப் பெண்களின் கண்களைத் தவிர வேறு சாட்சி இல்லை. மதியம் மிஷின்கள் ஓடின. எல்லாரும் இரண்டு கையாலும் அழுத்தினார்கள். வை, கையை எடு, இரண்டையும் அழுத்து. கூடத்தின் சத்தமே மாறிப்போயிருந்தது. ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில், இத்தனை வருஷத்தில் முதல்முறையாக, பக்கத்தில் நிற்பவள் மூச்சு விடுவது கேட்டது. சூப்பர்வைசர் யாரையும் திட்டவில்லை. திட்டாததுதான் பயமாக இருந்தது.

மறுநாள் விடியுமுன் மணிமங்கலம் நிறுத்தத்தில் ப்ரியா நின்றாள். எதிர்ப்பக்கம் புளியமரத்தடியில் போலீஸ் ஜீப் ஒன்று விளக்கை அணைத்துவிட்டு நின்றது. அது எப்போது வந்தது என்று தெரியவில்லை. போனில் ஷெர்லின் அனுப்பிய செய்தி: 'அம்மைட்ட சொல்லிட்டேன் அக்கா. மிஷின்லதான்னு.' ப்ரியா அதைத் திரும்பத் திரும்ப வாசித்தாள்.

கம்பெனி பஸ் வந்தது. வேகம் குறைந்தது. கதவு திறக்கவில்லை. டிரைவர் முனிரத்தினம் அவளைப் பார்க்காமல் ஸ்டீயரிங்கையே பார்த்துக்கொண்டு, அவளைக் கடந்து போனார். அவ்வளவுதான் என்று நினைத்தாள். மகளுக்கு என்ன சொல்வது என்று யோசிக்கத் தொடங்கியிருந்தாள்.

பஸ் கொஞ்ச தூரம் தள்ளி நின்றது. உள்ளே கூச்சல். கதவு திறந்தது, ஜோதி இறங்கினாள்.

"ஏத்தாதன்னு ஆர்டருமா. ஏத்துனா என் வேல பூடும்" என்றார் முனிரத்தினம் பரிதாபமாக.

"உன்ன யாருண்ணே குத்தம் சொன்னா? நாங்க எறங்கிக்கறோம்."

"வேலைக்கு வரலன்னா ஸ்டிரைக்குன்னுவாங்க ஜோதி. சட்டம் அப்டி கீதாம்" என்றார் அவர்.

"யாரு வரலன்னது? டவுன் பஸ்ல வர்றோம், இவளையும் இட்டுகினு. கேட்ல எல்லாரையும் வுட்டா உள்ள பூந்து ரெண்டு கையால ஓட்டுவோம். ஒருத்திய வுடலன்னா எல்லாரும் வெளிய நிப்போம். கம்பெனி பஸ்ஸ வுட்டு எறங்கறது தப்புன்னு எந்தச் சட்டத்துல போட்டுக்குது, காட்டச் சொல்லு."

ஒருத்தி பின் ஒருத்தியாகச் சாப்பாட்டுப் பைகளோடு இறங்கினார்கள். சிலர் முகத்தில் பயம் அப்பட்டமாகத் தெரிந்தது. ஒருத்தி இறங்கிவிட்டு மறுபடி ஏறப் போனாள், பிறகு மனசு கேட்காமல் நின்றுவிட்டாள். காலிப் பஸ் உள்விளக்கு எரிய, ஒரு தலைகூட இல்லாமல் ஒரகடம் பக்கம் போயிற்று. புளியமரத்தடியில் ஜீப்பின் விளக்கு எரிந்தது. யாரோ வயர்லெஸ்ஸில் பேசுவது கேட்டது.

ப்ரியாவின் தோளில் ஜோதி கை வைத்தாள்.

தூரத்தில் குன்றத்தூர்ப் பெண்களை ஏற்றிக்கொண்டு வருகிற இரண்டாவது கம்பெனி பஸ்ஸின் வெளிச்சம் தெரிந்தது. நிறுத்தத்தில் நிற்கிற கூட்டத்தைப் பார்த்ததும் அது மெல்ல வந்தது. ஜன்னல்களில் முகங்கள் ஒட்டின. எவளோ ஒருத்தி, "இன்னாக்கா ஆச்சு?" என்று கத்தினாள்.

ஷெர்லினின் விரல் மிஷினில் போனதையும், அதைச் சொன்னதற்குத் தன்னை பஸ்ஸில் ஏற்றாமல் விட்டதையும் ப்ரியா சொன்னாள். நேற்று சொன்னதைவிடச் சத்தமாகச் சொன்னாள். பஸ் நின்று, அதன் கதவு திறந்தது.